சாணிக்குள் இருந்த பல்

நான் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் மேற்பார்வையாளனாக இருந்தேன். ஏழு வயது முடிந்தும் என் மகளுக்கு ஒரு பால்பல்கூட ஆடவில்லை. ஏதாவது குறையோ என்ற பயத்தில் தினமும் அசைத்துப் பார்ப்பேன். "டாக்டரே சும்மா இருக்காரு, ஒங்களுக்கு என்ன?" என்பாள் மனைவி.

ஒருநாள் மாலை, "பல்லு வுழுந்துடுச்சுப்பா!" என்று மகள் சாணி உருண்டையை நீட்டினாள். விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் போடுவது வழக்கம். சந்தோஷத்தில் உடனே வீசிவிட்டேன். பிறகுதான் வாயைத் திறக்கச் சொன்னேன். எல்லாப் பற்களும் இருந்தன.

"உருண்டைக்குள்ள என்னடி வச்ச?"

"பீங்கான் சில்லுப்பா. ஒன் கம்பெனி வாசல்ல பொறுக்குனது."

"எதுக்கு?"

"நீதான் தெனமும் பயப்படுறியே. பாவமா இருந்துச்சு."

நான்தான் அவளைக் கவனித்துக்கொள்கிறேன் என்று அதுவரை நினைத்திருந்தேன்.