ஸ்டெல்லா அக்கா வாங்கிய மெமரி கார்டுகள்

அம்பத்தூரில் லாரிகளுக்குக் கேமரா செய்யும் சிறிய கம்பெனியில் நான் புரோகிராமர். கேமராவில் செருகும் மெமரி கார்டை இயக்கிவைக்கும் புரோகிராம் நான் எழுதியது. புதிதாக வந்த கார்டுகளில் பாதி வேலை செய்யவில்லை.

"கார்டெல்லாம் டூப்ளிகேட்" என்று மீட்டிங்கில் அடித்துச் சொன்னேன்.

"நல்ல கடைதாம்ப்பா, பாத்துத்தான் வாங்கினேன்" என்றார் பர்ச்சேஸ் ஸ்டெல்லா அக்கா. யாரும் நம்பவில்லை.

மறுவாரம் என் புரோகிராமைத் திரும்பப் படித்தபோதுதான் தப்பு என்னுடையது என்று தெரிந்தது. எந்தக் கார்டையும் முதலில் குறைந்த வேகத்தில் எழுப்பி, அது பதில் சொன்ன பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும். நான் எடுத்த எடுப்பிலேயே முழு வேகம் வைத்திருந்தேன். என் மேஜையில் சோதித்த கார்டு அதைத் தாங்கிக்கொண்டதால் எனக்குத் தெரியவில்லை. ஒரு வரியை மாற்றியதும் எல்லாக் கார்டுகளும் ஓடின. காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மதியம் ஸ்டெல்லா அக்கா என் டப்பா மூடியில் வறுத்த மீனை வைத்தார்.

"நான் வாங்குன கார்டுக்காக நீ புரோகிராமையே மாத்திட்டியாமே. ரொம்ப தேங்க்ஸ்ப்பா."

"பரவால்லக்கா" என்றேன்.

இப்போதும் புதுக் கார்டு வந்தால், "நீ ஒரு வாட்டி பாத்துடுப்பா, எனக்கு பயமா கீது" என்று முதலில் என்னிடம்தான் கொண்டுவருகிறார். அவரை மன்னித்தவன் போல நானும் வாங்கிப் பார்க்கிறேன்.