காசில் போட ஒரு முகம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஒரு கமிட்டியில் போய் உட்கார்ந்தேன். இனிமேல் யாராவது கமிட்டி என்று கூப்பிட்டால் எனக்குக் காய்ச்சல், வயிற்றுவலி, வீட்டில் விருந்தாளி... ஏதாவது ஒன்று கட்டாயம் வந்துவிடும். இப்போதே சொல்லி வைக்கிறேன்.

கூப்பிட்டவர் பாஷா பாய். கோவிலுக்குப் பக்கத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். நான் குக்கர் வாங்கியது, மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் வாங்கியது எல்லாம் அங்கேதான். பாத்திரம் விற்பது அவருக்குப் பிழைப்பு. பழைய நாணயம் சேர்ப்பது பைத்தியம். ஆற்காட்டு நவாப் காலத்துச் செப்புக்காசு ஒன்றைக் காட்டுவதற்காக, அண்டா விலை கேட்டு நிற்பவரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடுகிற மனிதர். ஊரில் இதே பைத்தியம் பிடித்த கொஞ்சம் பேரைச் சேர்த்து ஒரு சங்கமும் நடத்துகிறார்.

விஷயம் இதுதான். அரசாங்கம் அவ்வப்போது நினைவு நாணயம் வெளியிடுகிறது இல்லையா — தலைவர்கள், விஞ்ஞானிகள், நூற்றாண்டு விழாக்கள் என்று? அதில் யாரைப் போடலாம், எதைப் போடலாம் என்று நம் மாவட்டத்து மக்களிடம் யோசனை கேட்பது. வந்ததில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து டெல்லிக்கு எழுதிப் போடுவது. இது சங்கத்தின் திட்டம். தேர்வுக் குழுவில் பத்திரிகையில் எழுதுகிறவர் ஒருத்தர் இருந்தால் வெயிட்டாக இருக்கும் என்றார் பாய். எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது. நாட்டின் காசில் யார் முகம் என்று சொல்வதென்றால் சும்மாவா?

ஆனால் ஒன்றை யோசித்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் காசில் ஒருவரைப் போட்டு கௌரவித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? பத்து ரூபாய் காயின் கதையை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். வழக்கமான டிசைனில் இல்லாமல், புதிதாக ஒரு முகத்தோடு வந்தது. ‘இது டூப்ளிகேட், செல்லாது’ என்று எவரோ கிளப்பிவிட்டார். அவ்வளவுதான்... டீக்கடையில் வாங்கவில்லை, பஸ்ஸில் வாங்கவில்லை, பூக்காரம்மா வாங்கவில்லை. செல்லும், செல்லும் என்று அரசாங்கம் தொண்டை கிழியக் கத்தியும் யாரும் கேட்கவில்லை. ஒரு கண்டக்டர் என் கையிலேயே காசைத் திருப்பி வைத்து, “இந்தத் தாத்தா வேணாம்மா, வேற குடுங்க” என்றார். நாடே சேர்ந்து கௌரவித்த பெரிய மனிதரை!

சரி, கமிட்டிக்கு வருகிறேன். சங்க உறுப்பினர் குமரேசனுக்குச் சொந்தமாக ஒரு லாட்ஜ் இருக்கிறது. அதன் மாடி ஹாலில்தான் கூட்டம். கீழே கோவிலுக்கு வந்த ஆந்திரா வண்டிகள் ரூம் கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. மேலே பாய், குமரேசன், சங்கச் செயலாளர் ஏகாம்பரம், இன்சூரன்ஸ் ஏஜென்ட் தனசேகர், நான். ஏகாம்பரம் ரிட்டயர்ட் தாசில்தார். அவர்தான் வந்திருந்த யோசனைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

நிறைய வந்திருந்தன. அவற்றை அவர் படிக்கவில்லை. யார் பெயரை எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் பார்ப்பார். ஒரு அடுக்கில் வைப்பார். அடுத்தது இன்னொரு அடுக்கில். அகர வரிசையோ என்று நினைத்தேன். மாநில வாரியாகவோ என்றும் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது... ஒவ்வொரு அடுக்கும் ஒரு ஜாதி.

நான் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். சுதந்திரத்துக்காக ஜெயிலுக்குப் போனவர்கள் இருந்தார்கள். பள்ளிக்கூடம் கட்டியவர்கள் இருந்தார்கள். ராஜாக்கள் இருந்தார்கள். இவரை ஏன் காசில் போட வேண்டும், இவர் என்ன செய்தார் என்று ஒரு வரி? தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. ‘எங்கள்’ என்ற வார்த்தை மட்டும் எல்லாவற்றிலும் முதலில் இருந்தது.

ஏகாம்பரம் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். சர்வீஸ் முழுக்க, யார் சிலைக்கு யார் முதலில் மாலை போடுவது, அழைப்பிதழில் யார் பெயர் மேலே வருவது என்று பஞ்சாயத்து பண்ணியே முடி கொட்டிப்போன மனிதர் அவர். இவரை அனுப்பினால் அவர்கள் கேட்பார்கள், அவரை அனுப்பினால் இவர்கள் ரோட்டில் உட்காருவார்கள் என்றார். யாருக்கும் ஆட்சேபணை இல்லாத ஆளாகப் பார்க்கச் சொன்னார். அப்படிப்பட்ட ஆள் எங்கே கிடைப்பார்? அவர் எந்த வீட்டிலும் பிறந்திருக்கக் கூடாதே!

மனிதர்களே வேண்டாம் என்று ஒரு அரை மணி நேரம் முயன்று பார்த்தோம். மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையைப் போடலாம் என்று ஒரு விவசாயி எழுதியிருந்தார். நம் மண்ணில் விளைவது, ஏழைக்குக் கிடைக்கிற முந்திரி... எனக்குப் பிடித்திருந்தது. காசில் கொட்டையைப் போட்டால் டெல்லியில் சிரிப்பார்கள் என்றார் குமரேசன். ஏரியைப் போடலாமே என்றேன் நான். ஏகாம்பரம் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “எந்த ஏரி மேடம்? பாதி ஏரில பிளாட் போட்டுட்டாங்க. காசுல எந்தப் பாதிய போடுவீங்க?” என்றார். நான் குடியிருப்பதே வேங்கிக்காலில் ஏரியை ஒட்டின ஒரு புது பிளாட். அதற்குமேல் ஏரியைப் பற்றி நான் பேசவில்லை.

அப்போதுதான், எந்த அடுக்கிலும் சேராமல் ஓரமாகக் கிடந்த ஒன்றைப் பாய் எடுத்து என்னிடம் கொடுத்தார். வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்.

எழுதியிருந்த பெண்ணை எனக்குத் தெரியும். கலெக்டர் ஆபீஸுக்கு வெளியே வரிசையாக ஜெராக்ஸ் கடைகள் இருக்கின்றனவே, அதில் ஒன்றில் மனு டைப் அடித்துக் கொடுப்பவர். சங்கத்தின் நோட்டீஸைப் பிரதி எடுக்க அங்கேதான் கொண்டுபோயிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு அவர் தன் அக்காவைப் பற்றி எழுதியிருந்தார். அக்கா கிராமத்து நர்ஸ். ஒரு ஸ்கூட்டியும் ஒரு பையுமாகச் சுற்றி வருவார்களே, அந்த நர்ஸ்.

கொரோனா வந்தபோது, நோய் வந்த வீட்டு வாசலில் தகரம் வைத்து அடைத்தோமே... நினைவிருக்கிறதா? கூடப்பிறந்தவர்களே எட்டிப் பார்க்காத நாட்கள். அந்த நர்ஸ் தகரத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போவாராம். காய்ச்சல் பார்ப்பாராம், மாத்திரை கொடுப்பாராம், கூடவே அரிசியும் பருப்பும். அப்படி ஒரு வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி. வலி எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் எங்கோ நிற்கிறது. தெருவில் ஒரு பெண்கூட உதவிக்கு வரவில்லை. உள்ளேயே தனியாளாகப் பிரசவம் பார்த்து, தாயையும் குழந்தையையும் காப்பாற்றியிருக்கிறார். இரண்டாவது அலையில் அவருக்கே வந்துவிட்டது. கடைசி முகத்தைக்கூடத் தங்கைக்குக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்க்கத்தான் முடிந்திருக்கிறது.

கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: ‘அப்போது எல்லோரும் கை தட்டினார்கள். இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. எங்கள் அக்கா படத்தைக் காசில் போட்டால், கையில் எடுக்கிற எல்லோரும் ஒரு தடவை பார்ப்பார்கள்.’

படித்து முடித்து நிமிர்ந்தேன். பாய் தலையில் இருந்த தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். தனசேகர் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தார். அவருடைய சித்தப்பாவும் அந்தச் சமயத்தில் போனவர்தான். இதுதான், இதையே அனுப்பிடலாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். குமரேசன்கூட செல்போனிலிருந்து நிமிர்ந்து தலையாட்டினார். அடடா, நம் ஊர் ஒன்றும் அவ்வளவு மோசமில்லை என்று எனக்குத் தோன்றியது. அந்தச் சந்தோஷம் எவ்வளவு நேரம் இருந்தது தெரியுமா? டீ வருகிற வரைக்கும்.

டீயைக் கையில் வாங்கிக்கொண்டே ஏகாம்பரம் கேட்டார். “ரொம்ப நல்ல விஷயம் மேடம். அவங்க என்னா ஆளுங்க?”

எனக்குத் தெரியாது என்றேன். தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றும் கேட்டேன். தப்பாக நினைக்க வேண்டாம், சும்மா ஒரு சேஃப்டிக்கு என்றார் அவர். உடனே போனை எடுத்து அந்த ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவரிடம் பேசினார். நர்ஸ் ஊர் ஊராகப் போய் மருந்து கொடுத்த கதையைத் தங்கை ஒரு பக்கத்துக்கு எழுத வேண்டியிருந்தது. இவருக்கு வேண்டியது ஒரே வார்த்தை... வந்துவிட்டது. அதைச் சபையில் மெதுவாகச் சொன்னார்.

குமரேசன் சேரை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “நம்ம பொண்ணா? இத மொதல்லயே சொல்லக் கூடாதா?” என்றார். அதுவரை அந்த நர்ஸைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை அவர். அடுத்த ஐந்து நிமிடத்தில் தியாகம், வீரம், எங்கள் ரத்தம் என்று என்னென்னவோ பேசினார். யாருக்கோ போன் போட்டார். கடிதத்தையும் அதில் ஒட்டியிருந்த அக்கா போட்டோவையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

தனசேகர் கர்ச்சீப்பை மடித்துப் பாக்கெட்டில் வைத்தார். கண் இன்னும் காயவில்லை. “எத்தினியோ நர்ஸுங்க செத்தாங்க. இவங்களுக்கு மட்டும் என்னா ஸ்பெஷலு?” என்றார்.

ஒரே ஆள்தானே? பத்து நிமிடத்துக்கு முன்னால் அழுததும் இவர்தானே? எனக்குக் கோபம்கூட வரவில்லை. பாய்தான் பாவம், இன்னும் காப்பாற்றப் பார்த்தார். முகமே வேண்டாம், பெயரும் வேண்டாம், ஊசி பிடித்த ஒரு கை மட்டும் போட்டு எல்லா நர்ஸுகளுக்குமாக அனுப்பலாம் என்றார். கை போட்டால் கட்சிச் சின்னம் என்பார்கள் என்று ஏகாம்பரம் வாயை அடைத்துவிட்டார். குமரேசனும் தனசேகரும் அதற்குள் எழுந்து நின்று பேச ஆரம்பித்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. தேதி குறிக்கவில்லை.

இதோடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். கூட்டம் கலைவது நமக்குப் புதிதா?

செவ்வாய்க்கிழமை மெயின் ரோட்டில் ஒரு பேனர் நின்றது. கைகூப்பிய மனிதர்கள், செல்போனில் பேசுகிற மனிதர்கள், நடந்து வருகிற மனிதர்கள்... எல்லோரும் ஒரு சமுதாயச் சங்கத்தின் நிர்வாகிகள். மேல் மூலையில் ஒரு சின்ன வட்டத்துக்குள் அந்த நர்ஸ். பக்கத்தில் ‘எங்கள் குலத்தின் தியாகச் சுடர்’ என்று பட்டம். அந்த வட்டம், பேனர் நடுவில் கைகூப்பி நின்ற குமரேசனின் மணிக்கட்டு அளவுகூட இல்லை.

மறுநாள் சாயங்காலம் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அந்தப் பெண் யாருடைய பட்டா மனுவையோ டைப் அடித்துக்கொண்டிருந்தார். முடித்துக் கொடுத்து ஆளை அனுப்பும்வரை என் பக்கம் திரும்பவில்லை. பேனரை எடுத்துவிடும்படி குமரேசனிடம் நேரில் போய்க் கேட்டாராம். நீ பெருமைப்பட வேண்டிய விஷயம் என்று சொல்லி, டீ கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

போகட்டும்மா, ரெண்டு நாளில் அதன்மேல் வேறு பேனர் கட்டிவிடுவார்கள் என்று ஏதோ ஆறுதல் சொன்னேன். (மூன்றாம் நாள் ஒரு காதணி விழா பேனர் வந்து மறைத்துவிட்டது. அந்த அளவுக்கு நம் ஊரை எனக்குத் தெரியும்.)

“பேனர் இல்லைங்க மேடம்” என்றார் அவர். அந்தத் தகரம் அடித்த வீட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அது வேறு ஆட்கள் இருக்கிற தெரு. அங்கே பிறந்த பெண் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. வருஷா வருஷம் பிறந்த நாளன்று அந்தத் தாய் குழந்தையைக் கூட்டிக்கொண்டு இவர் வீட்டுக்கு வருவாராம்.

“அவங்க வீட்ல எங்க அக்கா போட்டோவ சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிருந்தாங்க மேடம். இன்னைக்குக் காலைல அந்தக் கொழந்தையோட அம்மா போன் பண்ணி அழுவுது. வீட்டுக்காரரு கழட்டிட்டாராம். அந்த ஆளுங்க போட்டோ உங்க வீட்ல எதுக்குனு தெருவுல கேக்குறாங்களாம்.”

நான் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“நான்தான் கெடுத்துட்டேன். சும்மா இருந்திருந்தா அந்த சுவத்துலயாவது இருந்திருப்பா.”

இத்தனை வருஷமாக அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாதா அவர் யார் என்று? தெரியும். தெரிந்தும் கேட்காமல் இருந்தார்கள். பேனரில் அச்சடித்துக் காட்டிய பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. எனக்கு இந்த நாட்டின்மேல் வெறுப்பு வந்தது என்று சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். வெறுப்பு இல்லை... நம்பிக்கை போய்விட்டது. நோட்டிலும் காசிலும் ஒரு மனிதரைப் போட்டால் எல்லோரும் அவரைத் தம்மவர் என்று நினைப்பார்கள் என்றுதானே இந்த ஏற்பாடே? ஒரு வீட்டுச் சுவரில் தானாக நடந்திருந்த அந்தக் காரியத்தை, நாங்கள் ஐந்து பேர் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அழித்துவிட்டோம்.

பாயும் போன் செய்தார். இந்த வருஷம் டெல்லிக்கு எதையும் அனுப்பப் போவதில்லையாம். அந்தப் பெண் தன் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றார். அவர் குரலை நான் அப்படிக் கேட்டதில்லை. செப்புக்காசைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போனை வைத்துவிட்டார்.

மறுபடியும் ஜெராக்ஸ் கடைக்குப் போய், இதை எழுதட்டுமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். உங்கள் அக்காவைப் பற்றி நாலு பேருக்குத் தெரியட்டுமே என்றேன். கீபோர்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“எழுதுங்க. ஆனா அக்கா பேரு வேணாம். என் பேரும் வேணாம், ஊரும் வேணாம். அத வெச்சே என்னா ஆளுங்கன்னு கண்டுபுடிச்சுடுவாங்க.”

அதனால்தான் இவ்வளவு நேரமும் நர்ஸ், நர்ஸ் என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் ஊரையும் சொல்லவில்லை. நாட்டின் காசில் வர வேண்டும் என்று ஒரு தங்கை ஆசைப்பட்ட பெயர், இந்தப் பத்தியில்கூட வரக் கூடாது என்று ஆகிவிட்டது.

சரி... உண்மையைச் சொல்லுங்கள். படித்துக்கொண்டே வரும்போது, அவர் என்ன ஆளாக இருக்கும் என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா, இல்லையா?