ஏழரைக் கட்டையின் இரண்டாவது ஆல்பம்

நாசருக்குக் கோபம் வந்தால் விரல்கள் எதையாவது தட்ட ஆரம்பித்துவிடும். பேகம்பூரில் அவனுடைய தோல் மண்டியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மேசையில் விரல் ஓடினால் அன்றைக்கு யாரும் லீவு கேட்க மாட்டார்கள். அந்த விரல்கள் ஒரு காலத்தில் டிரம்ஸ் வாசித்தவை என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. சொன்னாலும் கல்யாண பேண்டு செட் என்றுதான் நினைப்பார்கள்.

அது கல்லூரி முடித்த கையோடு மூன்று பேர் ஆரம்பித்த ராக் குழு. கிடார் விக்னேஷ்குமார், பேஸ் கிடார் மரியராஜ், டிரம்ஸ் நாசர். பெயர் 'ஏழரைக் கட்டை'. பெயரை வைத்தபோதே யோசித்திருக்க வேண்டும். பம்பு செட் மோட்டார், பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு எல்லாம் அவர்கள் பாட்டுக்குள் வரும். முதல் ஆல்பத்தைக் கேட்டுவிட்டுச் சென்னையில்கூட நாலு பேர் பாராட்டி எழுதினார்கள். இரண்டாவதை ஆரம்பிக்கிற நேரத்தில் விக்னேஷ், "செத்த நேரம் பொறு மாப்ள, புதுசா ஒரு ஐடியா வருது" என்று சொல்லிவிட்டுச் சென்னைக்கு ரயிலேறினான். அந்தச் செத்த நேரம் பன்னிரண்டு வருசமாக நீண்டுவிட்டது. அதற்குள் நாசருக்கு அத்தாவின் மண்டி வந்தது, மஹ்ஜபீன் வந்தாள், பிள்ளைகள் வந்தார்கள், தொப்பையும் வந்தது. டிரம்ஸ் மட்டும் மாடியில் துணி போர்த்திக் கிடந்தது. அவ்வப்போது போய்த் திருகாணிகளுக்கு எண்ணெய் விட்டுவிட்டு வருவான். ஏன் என்று மஹ்ஜபீன் கேட்டதில்லை. அவளுக்குத் தெரியும்.

போன தை மாதம் விக்னேஷ் போன் பண்ணினான். "மாப்ள, ரெண்டாவது ஆல்பம் போடுறோம். சம்மர்ல ரெக்கார்டிங்."

பன்னிரண்டு வருசமாக எங்கே போனாய் என்று நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். நாசர் கேட்கவில்லை. சந்தோசத்தில், "என்னைக்கு வரணும்?" என்று மட்டும்தான் கேட்டான். மறுநாளே, அக்கம்பக்கத்துக்குச் சத்தம் கேட்காமல் தலையணையை வைத்துப் பயிற்சி தொடங்கிவிட்டான். மணிக்கட்டு வீங்கியது. மஹ்ஜபீன் தைலம் தேய்த்துவிட்டாள்.

"இம்புட்டு வீங்கிருக்கு. இன்னும் என்னத்தப் போட்டு அடிக்கிறீங்க?"

"விட்டதையெல்லாம் சேத்து அடிக்கிறேன்."

ரெக்கார்டிங், ரெட்டியார்சத்திரத்தில் விக்னேஷின் அப்பா பொன்னுத்துரை தோட்டத்தில். வெங்காயம் போட்டுவைக்கிற தகர ஷெட்டில் மைக்கும் லேப்டாப்புமாக விக்னேஷ் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் பேஸ் கிடாரோடு மரியராஜ். நாசர் லோடு ஆட்டோவிலிருந்து டிரம்ஸை இறக்கினான்.

"இதை எதுக்கு மாப்ள கொண்டாந்த?"

"பின்னே, வெங்காயம் உரிக்கவா வந்தேன்?"

"இந்த ஆல்பத்துல டிரம்ஸே கிடையாது. தாளங்கிறது ஒரு ஜெயிலு மாப்ள. நீ மண்டியில இருந்து தோலு கொண்டா. உப்புப் போட்ட பச்சைத் தோலு. அதை அடி. உன் வாழ்க்கை அதுல கேக்கணும்."

"யா அல்லாஹ்! பச்சைத் தோலை அடிச்சா சொத்துன்னுதான்டா கேக்கும்."

"அதான் வேணும்!"

வேறு யாராக இருந்தாலும் திரும்பி வண்டியேறியிருப்பார்கள். நாசர் தோல் கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தத் தகரச் சூட்டில் உட்கார்ந்து ஆட்டுத்தோலை அடித்தான். உப்புத் தெறித்துக் கண் எரிந்தது. ஈ மொய்த்தது. "இன்னும் கொஞ்சம் தனிமையா அடி மாப்ள" என்றான் விக்னேஷ். தனிமையாக எப்படி அடிப்பது? பொன்னுத்துரை துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். "ஏப்பு, இந்த நாத்தத்துக்குத்தானா மெட்ராஸ்ல இருந்து வந்த?" என்று மகனைக் கேட்டார். ஒவ்வொரு வாரமும் கிளம்பும்போது நாசர் கேட்பான், "ஒரே ஒரு பாட்டுக்காவது டிரம்ஸ் வாசிக்கிறேன்டா." விக்னேஷ், "பாக்கலாம்" என்பான். பெண் பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போகிற மாதிரியான பாக்கலாம் அது.

கடைசிப் பாட்டும் வந்தது. அதற்கும் தோல்தான் என்றான் விக்னேஷ். நாசர் தோலைத் தூக்கி மூலையில் எறிந்தான். போய் டிரம்ஸில் உட்கார்ந்தான்.

"ஏலே, இதுக்கு நான் வாசிக்கத்தான் போறேன்."

"சரி, அவன் ஆத்திரம் தீரட்டும்" என்று மரியராஜிடம் முணுமுணுத்துவிட்டு, விக்னேஷ் ரெக்கார்டிங்கை நிறுத்தினான். கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்தான்.

நாசர் அடித்தான். ஜெயிலாம், தனிமையாம், பாக்கலாமாம்! ஒவ்வொன்றுக்கும் ஒரு அடி விழுந்தது. போன் வரும் வரும் என்று பார்த்திருந்த வருசங்களுக்கெல்லாம் விழுந்தது. தகரம் அதிர்ந்தது. மரியராஜ் சும்மா இருக்க முடியாமல் பேஸை எடுத்தான். வாசலில் பொன்னுத்துரை நின்றார், மூக்கிலிருந்த துண்டு தோளுக்கு வந்திருந்தது. ஒரு கட்டத்தில் விக்னேஷே கிடாரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டான். முடிந்தபோது நாசரின் சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. சிரிப்பு தாங்கவில்லை. இவ்வளவு சந்தோசமாக அவன் இருந்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

விக்னேஷ் லேப்டாப்பைப் பார்த்தான். முகம் தொங்கிவிட்டது.

"மாப்ள... ரெக்கார்டு ஆகல. நான்தான் நிப்பாட்டுனேன்." எழுந்து நாசர் பக்கத்தில் வந்தான். "கால்ல வேணாலும் விழுறேன். இதான் நம்ம ஆல்பம். ஒரே ஒருக்கா, அதே மாதிரி வாசி."

நாசர் குச்சிகளைத் தூக்கினான். ஆத்திரத்தைத் தேடிப் பார்த்தான். ஒரு சொட்டுகூட மிச்சமில்லை. குச்சிகளை மெதுவாக மடியில் வைத்தான்.

"அதே மாதிரி வேணும்னா, இன்னொரு பன்னெண்டு வருசம் காக்க வையி மாப்ள. அப்புறம் வாசிக்கிறேன்."