நாளைக்கு விரியும் பூ

போர்வையின் ஒரு முனை அம்மா கையில், இன்னொரு முனை மகள் கையில். ஆளுக்கொரு பக்கமாக முறுக்கிப் பிழிந்தார்கள். வாடகை அறையின் குளியலறைத் தரை நனைந்தது.

"ஊர் சுத்த வந்த இடத்துலயும் துவைக்கணுமாம்மா?"

"சுடுதண்ணி சும்மா வருதுடி. விட மனசு வரல."

அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் உழைத்தவள். அவள் வீட்டில் வெயில் எட்டிப் பார்க்காது. வைத்த செடி ஒன்றுகூடத் தங்கியதில்லை. "என் கை பட்டா பிளாஸ்டிக் பூவும் வாடிரும்" என்று தானே சிரிப்பாள். பழைய காலண்டர்ப் பூக்களை வெட்டி இஸ்திரி மேசைக்கு மேலே ஒட்டியிருந்தாள். அவள் ஓய்வு பெற்றதும், கருவிப் பொறியாளரான மகள் லீவு போட்டுக் கடல் தாண்டிக் கூட்டி வந்தாள்: பனிக்காலத்திலும் வெப்பநாட்டுச் செடிகள் வளரும் கண்ணாடித் தோட்டத்தைப் பார்க்க.

தோட்டத்துக்கு வெளியே பனி கொட்டியது. உள்ளே வேர்த்தது. அம்மா கோட்டைக் கழற்றி மகளிடம் தந்துவிட்டு, ஊரிலிருந்த தங்கைக்குப் போன் போட்டாள். தங்கைக்குக் கண் தெரியாது. அக்கா பார்ப்பதெல்லாம் அவளுக்கும் சேர்த்துத்தான்.

"ஒரு இலை, கஞ்சி போட்ட தலையணை உறை மாதிரி மொறமொறன்னு இருக்குடி. இன்னொண்ணு பை மாதிரி தொங்குது. வாயத் தொறந்துக்கிட்டு சும்மா இருக்குமாம், பூச்சி விழுந்தா செரிச்சிருமாம்."

"உன் மாமியார்னு சொல்லு."

அம்மா சிரித்த சிரிப்பில் முன்னால் போனவர் திரும்பிப் பார்த்தார்.

கடைசித் தொட்டியில் மூடிய கை அளவு ஒரு மொட்டு. நாளை விரியும் என்றது பலகை.

"நாளைக்கு மோந்து பாத்து சொல்றேன்டி."

"மறந்துடாதக்கா."

வாசலின் இரண்டு கதவுகளுக்கு நடுவே அம்மா கோட்டுக்குக் கை நீட்டினாள். கை வந்து சேரவில்லை. சரிந்தாள்.

மகள் நெஞ்சை அமுக்கினாள். முதலுதவிப் பயிற்சியில் சொன்ன ஆழம், சொன்ன வேகம். எல்லாம் சரியாகவே செய்தாள். அம்மா எழவில்லை.

அன்று சித்தியின் அழைப்புகளை அவள் எடுக்கவில்லை. எந்த வாயால் சொல்வது? மறுநாள் கால் போன போக்கில் தோட்டத்துக்கே போனாள். பூ விரிந்திருந்தது. முதலில் வாசனையைச் சொல்லிவிட்டு, பிறகு மற்றதைச் சொல்லலாம். அவ்வளவுதான் அவளால் யோசிக்க முடிந்தது.

குனிந்து முகர்ந்தாள். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் குனிந்தாள். இதழ் மூக்கில் இடித்தது. அழுது அழுது மூக்கு அடைத்துக் கிடந்தது.

போன் அடித்தது. எடுத்தாள்.

"உங்கம்மாவுக்கு அவ்வளவு என்னடி வேலை? பூ விரிஞ்சுதா?"

"விரிஞ்சுது சித்தி. வெள்ளை. தட்டு அகலம் இருக்கு."

"வெள்ளையோ கறுப்போ, எனக்கெதுக்கு? வாசனை எப்படி?"

"தெரியல. மூக்கடைச்சிருக்கு."

"இது சளி பிடிச்ச குரல் இல்லையே. போனை அக்காகிட்ட குடு, கண்ணு."

மகள் வாயைத் திறந்தாள். மூச்சுதான் வந்தது.

"அவ மோந்து பாத்து சொல்றேன்னாளே" என்றாள் சித்தி. அதற்குள் அவள் குரல் உடைந்துவிட்டது.