திராட்சைக்குத் தக்கை மாட்ட முடியுமா?

போன சனிக்கிழமை பட்டப்பகலில், பத்தாங் பெர்ஜுந்தைக் கடைத்தெருவில், ஒரு வெங்காய மூட்டைக்குப் பின்னால் நான் குப்புறப் படுத்துக் கிடந்தேன்.

நான் மட்டுமில்லை. எனக்குப் பக்கத்தில் தபால்காரர். அவருக்கு அந்தப் பக்கம், கருவாடு வாங்க வந்த ஒரு சீனத்து அம்மா. சத்தம் கேட்டால் முதலில் படு, அப்புறம் யோசி... மலாயாவில் இந்த எமர்ஜென்சி வந்ததிலிருந்து நம் எல்லோருக்கும் பழகிப்போனது இதுதானே?

“சுடலலா, யாரும் சுடல. எந்திரிங்க அண்ணே,” என்றது கடை முதலாளி, சீனத் தவுக்கேயின் குரல்.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். கடைக்காரத் தவுக்கே கல்லாவுக்குப் பின்னால் நனைந்துபோய் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் ஒரு ஷாம்பேன் போத்தல். அதன் வாயிலிருந்து வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கி, அவர் முழங்கை வழியாகத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

சொட்டியது நுரை இல்லை. என் வேலை.

விவரமாகச் சொல்கிறேன். நான் ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல்காரன் என்பது இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். தெரியாத சங்கதி ஒன்று உண்டு. போன மாதம் எங்கள் துரைக்குக் கல்யாணமாகி, புதுத் துரைசாணி வந்திருக்கிறார். நல்ல மாதிரிதான். ஆனால் அவர் முன்பு கோலா குபு பாரு பக்கம் அண்ணன் வீட்டில் இருந்தபோது, அங்கே ஒரு ஹைலாம் சீனக் குக்கு சமைத்துப் போட்டிருக்கிறான். காலையில் நான் முட்டை வைத்தால் துரைசாணிக்கு அவன் முட்டை ஞாபகம். மத்தியானம் சூப் வைத்தால் அவன் சூப் ஞாபகம். அவனும் இங்கே வரத் தயாராக இருக்கிறானாம்.

“ஞாயிற்றுக்கிழமை பார்ட்டி முடியட்டும். சவரி எப்படிச் செய்கிறான் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்,” என்று துரையிடம் அவர் இங்கிலீஷில் சொன்னார். நான் மேசைக்குப் பின்னால் தட்டோடு நின்றிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு என்ன புரியப் போகிறது என்று நினைத்திருப்பார். வருஷக் கணக்கில் மேசைக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு இங்கிலீஷ் தானாக வந்துவிடும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

வேலை போனால் சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கும் அறையும் போகும். கூலியாட்கள் லயத்துக்குத் திரும்ப வேண்டும். லயத்தில் குக்குக்கு என்ன வேலை? பால்மரம் வெட்டத்தான் போக வேண்டும். அதுவும் புது ஆளுக்கு, வேலை பிரிக்கும் மண்டோர் எந்த மர நிரையைக் கொடுப்பார்? காட்டோரத்து நிரையைத்தான். விடிவதற்கு முன்னால், எந்த மரத்துக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாத இடத்தில்... அதை நினைத்து நினைத்தே எனக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

சரி, பார்ட்டிக்கு என்ன பலகாரம்? அதுதான் வேடிக்கை. துரை கோலாலம்பூரிலிருந்து ஆஸ்திரேலியா திராட்சை கொண்டுவந்திருந்தார். அதை ஒவ்வொன்றாக ஊசியால் குத்தி, ஒரு ராத்திரி முழுக்க ஷாம்பேனில் ஊறப்போட வேண்டும். காலையில் வடித்து, ஈரம் துடைத்து, சீனியில் புரட்டி, ஐஸ் பெட்டியில் கல் மாதிரி உறைய வைக்க வேண்டும். வருகிறவர்கள் அதை அப்படியே எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்களாம். திராட்சை மேல் பனி விழுந்த மாதிரி இருக்குமாம்.

“அவங்க ஊருல பனி கொட்டுமாம்ல. இங்க வேர்வைதான் கொட்டுது. பழத்துக்காச்சும் குளிரட்டும்னு பாக்கிறாங்க போல,” என்றாள் என் மனைவி அன்னம்மா.

அந்த ஷாம்பேன் போத்தலை வாங்கத்தான் சனிக்கிழமை தோட்டத்து லோரியில் கடைக்குப் போனேன். தவுக்கே கோலாலம்பூரில் சொல்லிவைத்து வரவழைத்த ஒரே போத்தல். அவர் தோட்டத்துப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். நம் தமிழ் நன்றாகப் பேசுவார்.

போத்தலை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம். வந்தேனா?

“தவுக்கே, தோட்டத்துக் கேட்டுல காவல்காரங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?” என்று கேட்டேன்.

“எதுக்கு?”

“மூடியிருக்கே...”

உங்களுக்கே தெரியும். எங்கள் பக்கத்துக் கடைகளில் டின்னில் அடைத்த எதையும் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனால் நாள்பட வைத்துச் சாப்பிட முடியாதபடி அந்த ஏற்பாடு. மத்தி டின் வாங்கினால் அன்றைக்கே மத்திக் குழம்புதான். பால் டின்னில் எறும்பு ஏறாமல் காப்பதற்குள் அன்னம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

“இது டின் இல்லண்ணே, போத்தலு,” என்றார் தவுக்கே.

“இருந்தாலும்... மூடினது மூடினதுதானே? பிடிச்சுக்கிட்டா உங்க கடைக்கும்ல கெட்ட பேரு?”

அவர் முகம் மாறியது. போன வருஷம் ஓட்டை போடாத ஒரு டின்னை விற்றுவிட்டு, லைசென்ஸ் போகும் வரைக்கும் போய் வந்தவர் அவர். டின் குத்துகிற கம்பியைக் கையில் எடுத்தார். போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல எங்கலா குத்துறது?” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அப்புறம் தக்கையைக் கட்டியிருந்த கம்பியைத் திருக ஆரம்பித்தார். அவர் என்ன செய்கிறார் என்று எனக்குப் புரிவதற்குள் ‘டப்’... நான் வெங்காய மூட்டைக்குப் பின்னால்.

தக்கை எங்கே பறந்ததோ, கிடைக்கவே இல்லை. போத்தல் வாயில் பழைய பேப்பரைச் சுருட்டி அடைத்துக் கொடுத்தார். இதே பத்திரிகைதான். என் பத்தி வந்த பக்கமா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

லோரியில் வரும் வழியெல்லாம் போத்தலுக்குள் ‘உஸ்... உஸ்...’ என்று சத்தம். கேஸ் போய்க்கொண்டே இருந்தது. தோட்டத்துக் கேட்டில் காவலுக்கு நிற்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள், மாட் என்பவர், லோரியை நிறுத்தினார். எங்கள் ஊர் மலாய்க்காரர்தான். பையைத் திறந்தார். போத்தலை மோந்து பார்த்தார்.

“அராக்கா?” என்றார். சாராயமா என்று அர்த்தம்.

“ஆமா, அபாங்.”

“அராக்கை யாரு தடுத்தா? அது சாப்பாட்டுச் சாமான் இல்லையே. எதுக்குத் திறந்து வச்சிருக்கே?” என்று மலாயில் கேட்டார்.

கையைக் காட்டி லோரியைப் போகச் சொல்லிவிட்டார். அங்கே தலையில் கை வைத்த நான், பங்களா வந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

அன்னம்மா திராட்சையை மடியில் வைத்துக்கொண்டு ஊசியால் குத்திக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

“டின்னுக்கு ஓட்டை, அரிசிக்குப் பெர்மிட்டு, இப்ப திராட்சைக்கும் ஓட்டை. நல்ல காலந்தான்,” என்றாள். “போய்த் துரைசாணிக்கிட்ட சொல்லிடுங்க.”

“சொன்னா ஹைலாம்காரன் வந்துடுவான்.”

“சொல்லாட்டி?”

“வாயில போட்டதும் தெரிஞ்சிடும். அப்பவும் வந்துடுவான்.”

“ரெண்டுலயும் அவன் வர்றான்ல? சொல்லிட்டா இன்னைக்குத் தூங்கவாச்சும் செய்வீங்க. பக்கத்துல படுக்கிற நானும் தூங்குவேன்.”

நியாயமான பேச்சு. ஆனால் நியாயத்தைக் கேட்டு நடக்கிற ஆளா நான்? பேசாமல் பீங்கான் பாத்திரத்தில் திராட்சையைக் கொட்டி, ஷாம்பேனை ஊற்றினேன். நாலைந்து குமிழி மேலே வந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உடைந்தது. துணி போட்டு மூடிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வடித்தேன். துணியில் போட்டு உருட்டி ஈரம் எடுத்தேன். சீனியை உரலில் இடித்துச் சலித்துப் புரட்டினேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் சீனி நிற்குமா? கொஞ்ச நேரத்தில் பாகாக ஒழுக ஆரம்பித்தது. தட்டோடு ஐஸ் பெட்டிக்குள் தள்ளினேன். எங்கள் ஐஸ் பெட்டி மண்ணெண்ணெயில் ஓடுவது. அடியில் விளக்கு எரிந்தால்தான் மேலே குளிரும். இது என்ன கணக்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விளக்கு அணைந்துவிடுமோ என்று குனிந்து பார்ப்பதும், திராட்சை உறைந்ததா என்று நிமிர்ந்து பார்ப்பதுமாக அன்றைக்குக் கோயிலுக்குக்கூடப் போகவில்லை. ஆனால் போயிருந்தால் செய்ய வேண்டிய ஜெபத்தையெல்லாம் அந்த விளக்குக்கு முன்னாலேயே செய்து முடித்துவிட்டேன்.

பழம் நன்றாக இறுகிய பிறகு எடுத்து இன்னொரு தடவை சீனியில் புரட்டினேன். இந்தத் தடவை ஒட்டிக்கொண்டது. வெள்ளை வெளேரென்று... பார்க்க அழகாகத்தான் இருந்தது. உள்ளே கேஸ் இல்லை என்பது எனக்கும் அன்னம்மாவுக்கும் தவுக்கேக்கும் மட்டும்தான் தெரியும்.

கர்பியூவுக்கு முன்னால் எல்லோரும் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதால் பார்ட்டி சாயங்காலமே. வண்டிகள் வரும் சத்தம் கேட்டது. அதே நேரத்தில் துரைசாணி சமையல்கட்டுக்குள் வந்து, ஐஸ் பெட்டியைத் திறந்து, ஒரு திராட்சையைக் கையில் எடுத்தார்.

அது அவர் வாய்க்குப் பக்கத்தில் போனபோது எனக்குள் ஏதோ பிடி விட்டுப்போனது. எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கடை, கம்பி, தக்கை, வெங்காய மூட்டை, கேட்டு, எதையும் விடவில்லை. வேலையை விட்டு நீங்கள் நிறுத்துவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன் மேம், இதில் கேஸ் இல்லை என்று முடித்தேன்.

துரைசாணி என்னைப் பார்த்தார். திராட்சையைப் பார்த்தார்.

“ராத்திரி முழுக்கப் பாத்திரத்தில்தானே கிடந்தது? எதைப் போட்டு மூடினாய்?” என்றார்.

“துணி, மேம்.”

“துணிக்குள்ளே கேஸ் தங்குமா, சவரி? நீ மூடிய போத்தலைக் கொண்டுவந்து ஊற்றியிருந்தாலும் காலையில் இதே கதைதான். ஒவ்வொரு திராட்சைக்கும் தக்கையா மாட்டப் போகிறோம்?”

யோசித்துப் பார்த்தால் அதுதானே உண்மை? ஒரு நாள் முழுக்க யோசித்தேனே, இதை மட்டும் ஏன் யோசிக்கவில்லை?

அவர் திராட்சையைக் கடித்தார். ‘நறுக்’ என்ற சத்தம் எனக்கே கேட்டது. இன்னொன்று எடுத்தார். அப்புறம் மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். மூன்றாவது எடுக்கிறவர்கள் குறை சொல்வதற்காக எடுப்பதில்லை. இவ்வளவு காலச் சமையலில் நான் நிச்சயமாகத் தெரிந்துகொண்ட ஒன்று அது.

ஹாலில் குடை வைக்கும் மூலையில் துப்பாக்கிகளைச் சாத்திவிட்டு, துரைமார்கள் தட்டைச் சுற்றி நின்றார்கள். சிவந்துபோன முகத்தோடு ஒரு பெரிய துரை, திராட்சையை வாயில் போடாமல் கழுத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஊர் ஞாபகமோ என்னவோ. தட்டு காலியாகி வந்தது.

எல்லோரும் கிளம்பிப் போன பிறகு துரை சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். எங்கள் துரை தமிழ் நன்றாகப் பேசுவார். மண்டோர் ஆட்களை விரட்டுவதைக் கேட்டுக் கற்றுக்கொண்ட தமிழ். அதனால் மரியாதை மட்டும் வராது.

“டேய் சவரி. அந்த ஹைலாம்காரன் வரல. நீ இங்கயே கெட,” என்றார்.

இதைவிட மரியாதையாக என்னிடம் யாரும் பேசியதில்லை.

அன்றைக்கு நானும் அன்னம்மாவும் ஆளுக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டோம். சாப்பிடும்போது நினைத்துக்கொண்டேன்: போத்தலைத் திறந்தது என் பயம்தான். ஆனால் அந்தக் கேஸ், நான் பயந்தாலும் பயப்படாவிட்டாலும் போகத்தான் போகிறது. இப்படித் தங்காத ஒன்றுக்கு நாம் எத்தனை காவல் போடுகிறோம்...

நேற்று மறுபடியும் கடைக்குப் போனேன். சோடா வேண்டும் என்றேன். தவுக்கே ஒரு போத்தலை எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். திறப்பானைத் தேடினார்.

“வேணாம் தவுக்கே, மூடியே இருக்கட்டும். ஒண்ணும் ஆகாது,” என்றேன்.

என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. அவர் திறப்பான் தேடுவதை விட்டுவிட்டு, போத்தலை என் பக்கம் தள்ளினார்.

சொன்னது என்னவோ சொல்லிவிட்டேன். கேட்டைத் தாண்டும் வரைக்கும் அந்த மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேதான் வந்தேன்.