இரண்டாம் தாலி

எங்கள் அப்பாவுக்கு இரண்டு பெண்டாட்டி. மோகனூரில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இரண்டுமே கல்யாணச் சடங்கு நடத்தும் அருமைக்காரர் வந்து சீர் செய்து, ஊர்கூடிச் சாப்பிட்டு முடித்த கல்யாணம். என் மாமனாரோ ஒருத்தியைத்தான் கட்டினார். இன்னொருத்தியை வாய்க்கால் மேட்டில் குடிவைத்திருந்தார். அவளுக்குத் தாலியும் கிடையாது, பந்தியில் இலையும் கிடையாது. அவர் செத்தபோது வாசலோடு அழுதுவிட்டுப் போனாள்.

என் வீட்டில் நடந்தது இந்த இரண்டிலும் சேராது. எனக்குப் பத்து வருஷமாகக் குழந்தை இல்லை. எவளோ வருவதற்கு என் தங்கையே வரட்டும் என்று நானே போய் அப்பாவிடம் கேட்டேன். ஒருத்திக்கு மேல் கட்டக்கூடாது என்று அதற்குள் சட்டம் வந்திருந்தது. என் வீட்டுக்காரர் சர்க்கார் பள்ளிக்கூட வாத்தியார் வேறு. அதனால் அருமைக்காரர் இல்லை, பந்தல் இல்லை. ஆற்றங்கரைக் கோயிலில் தாலியை நானே எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மூத்தவள் சம்மதம் என்றால் அப்படித்தான் காட்ட வேண்டும். பெரிய மனசு என்று எல்லோரும் மெச்சினார்கள். எனக்கு அசதியாக இருந்தது.

அவளுக்கும் குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

நாலாம் வருஷம் எவனோ மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டான். விசாரணைக்கு அதிகாரி வருகிறார் என்றார்கள்.

"வேலை போயிரும் புள்ள. அந்த ஆளு வந்துட்டுப் போற வரைக்கும் அவளைக் கழட்டி வெக்கச் சொல்லு" என்றார் வாத்தியார். அவள் பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள். புருஷன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, அவள் தாலியை நான் கழற்றினேன். கழுத்தைக் குனிந்து கொடுத்தாள்.

அதிகாரி காப்பி குடித்துவிட்டு, "இந்தம்மா யாரு?" என்று கேட்டார்.

"என் தங்கச்சிங்க. இன்னும் கட்டிக்குடுக்கலைங்க" என்றேன். எழுதிக்கொண்டார். சட்டப்படி பார்த்தால் அது பொய்கூட இல்லை.

அவர் போனதும் வாத்தியார் தெம்பாகச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போய்விட்டார். நான் தாலியை எடுத்துக்கொண்டு தங்கையிடம் போனேன். அவள் சேலைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கழுத்தைக் காட்டு சாமி."

"வேண்டாங்கக்கா. நீங்க சொன்னதைத்தான் அவரு எழுதிக்கிட்டுப் போயிட்டாரே. கட்டிக்குடுக்காத புள்ள அப்பன் ஊட்டுல இருந்தா என்னங்க தப்பு?"

பையை நான் தூக்கிக்கொண்டேன். பஸ் ஏற்றிவிட்டு நடந்து வந்தேன். அவள்மேல் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொறாமைதான் வந்தது. எனக்கு நடந்தது ஊரறிய, சீர் குறையாத கல்யாணம்.