சகலன் விழுந்த இடம்

ஸ்கொட்லாந்து மலையில் ஒரு பேய்தான் எங்களைத் திசைமாற்றியது என்று நான் நம்பினேன். பட்டப்பகலில். டூட்டிங்கில் ஒரு மருந்துக் கடையில் நின்று, பயந்தவர்களுக்கும் நித்திரை வராதவர்களுக்கும் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற, தலை பாதி நரைத்த ஒருவன் அப்படி நம்பினான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மற்றவர்கள் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட நானே சொல்லிச் சிரிப்பது மரியாதை. மேலும் கீழும் வெள்ளையாய்க் கிடந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் படித்த தேவாரத்தைத் தொடங்கினேன். மூன்றாவது வரி வரவில்லை. வராததற்கும் அந்தப் பேய்தான் காரணம் என்று முடிவு செய்தேன்.

என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவர் என் சகலன், மனைவியின் அக்காவைக் கட்டியவர். ஊரைவிட்டு வந்த காலத்தில் சுவிஸில் இறங்கி, ஒரு மலைக் கிராமத்து ஹோட்டலில் கோப்பை கழுவினார். விருந்தினர் கழித்துவிட்ட பழைய பனிச் சறுக்குக்கட்டைகளைக் காலில் மாட்டி, வேலையில்லாத மத்தியானங்களில் விழுந்து விழுந்து பழகியவர். பிறகு பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று குடும்பத்தோடு லண்டனுக்கு வந்து, கிங்ஸ்பரியில் வீடு எடுத்து, குளியலறைகளுக்கு ஓடு பதிக்கும் தொழிலில் நன்றாக வந்துவிட்டார். ஆனால் இந்த நகரத்தை அவர் மன்னிக்கவில்லை. லண்டனில் எப்போதாவது பனி கொட்டினால் நாங்கள் எல்லோரும் படியில் தூவ உப்பைத் தேடி ஓடுவோம். இவர் வாசலில் குனிந்து ஒரு பிடி அள்ளி நசுக்கிப் பார்ப்பார். சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறவரைப் போல, "சரிவராது" என்று கீழே போடுவார்.

அறுபது வயது தாண்டியபோது அவருக்கு மறுபடி மலை ஏறும் ஆசை வந்தது. சறுக்குக்கட்டையில் நடந்து ஏறி, பனியிலேயே கூடாரம் அடித்துத் தங்கும் பயணம். பேச்சுவார்த்தை ஸ்ட்ரெதமில் எங்கள் வீட்டுக் குசினி அடுப்படியில் நடந்தது.

"சித்திரையிலை என்னண்ணை பனி?" என்று கேட்டேன்.

"அதுதான் தம்பி நல்ல பனி. பகல் நீளம். சனமும் இல்லை."

"சனம் இல்லாத இடத்திலை எனக்கு என்ன வேலை?"

"இவரைத் தனிய விடமாட்டன்," என்றார் மச்சாள், அவருடைய மனைவி. "தம்பி, நீங்கள் கூடப் போனியள் எண்டால் பத்திரமாய்த் திருப்பிக் கொண்டுவருவியள்."

என் மேல் அப்படி ஒரு நம்பிக்கையை அதற்கு முன் யாரும் வைத்ததில்லை. நான் மறுக்க வாயெடுப்பதற்குள் என் மனைவி, "லீவிலை சும்மாதானே படுத்துக் கிடக்கிறியள்" என்று விஷயத்தை முடித்துவிட்டாள். அதன் பிறகு சில சனிக்கிழமைகள், கூரைக்குக் கீழே செயற்கையாய்ப் பனி கொட்டிவைத்திருக்கும் ஒரு சரிவில் என்னைப் பழக்கினார். முழங்கால் உயரப் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் ஒரு போக்குவரத்துத் தடையாக அங்கே பெயர் எடுத்தேன்.

முதல் நாள், நான் பயந்ததற்கு வெட்கப்படும் அளவுக்கு நல்ல நாள். அடிவாரத்தில் புல் தெரிந்தது, ஓடை சத்தம் போட்டது. மேலே ஏற ஏறப் பனி, சீனியைக் கொட்டிப் பரவியதுபோல் கரகரத்தது. கட்டையின் அடியில் ஒட்டும் உரோமப் பட்டி பின்னால் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் என்பதை என் கால் மெல்ல நம்பத் தொடங்கியது. சகலன் முன்னே போனார். இடைக்கிடை நின்று திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். லண்டனில் எந்தக் கலியாண வீட்டிலும் அந்தச் சிரிப்பை அவர் முகத்தில் நான் கண்டதில்லை. "சுவிஸிலை அகதி விசாரணை நடந்த காலம் முழுக்க எனக்கு இதுதான் மருந்து" என்றார். நான் சிரிப்புக்கு ஒரு பகிடி விட வாயெடுத்து, விடாமல் நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாம் நாள் மத்தியானம், மலையின் உச்சிச் சமவெளியில் போய்க்கொண்டிருந்தபோது பனிப்புகார் வந்து மூடியது. லண்டன் புகாரில் குறைந்தது ஒரு பஸ்ஸின் விளக்காவது தெரியும். இங்கே நிலமும் வானமும் ஒரே நிறம். அரிசிமாப் பானைக்குள் விழுந்த எறும்புகள் நாங்கள். நிற்கிறேனா வழுக்குகிறேனா என்றே தெரியவில்லை. கைபேசி குளிரில் ஏற்கெனவே அணைந்துவிட்டது. அதற்காகச் சகலன் கவலைப்படவில்லை. "போன் செத்துப்போகும், ஊசி சாகாது" என்று ஒரு திசைகாட்டியை என் கழுத்தில் மாட்டிவிட்டார். அவரிடமும் ஒன்று இருந்தது. ஆனால் வெறும் வெள்ளைக்குள் முன்னே போகிறவருக்குக் குறிவைக்க ஒன்றுமே இராது. பின்னே வருகிறவன் நெஞ்சுக்கு நேரே ஊசியைப் பிடித்து, முன்னே போகிறவரையே குறியாக வைத்து, விலகினால் கத்திச் சொல்லவேண்டும். அதுதான் முறை.

"விளிம்புப் பக்கம் மட்டும் போகக் கூடாது தம்பி. அங்கை காத்து பனியைத் தாழ்வாரம் மாதிரிக் கட்டி வைச்சிருக்கும். மேலை நிண்டு பாத்தால் நிலம் எண்டுதான் தெரியும். கீழை ஒண்டும் இராது. சித்திரையிலை அது விழுறதுக்கெண்டே காத்துக்கொண்டிருக்கும்."

இதை அவர் முதலில், ஸ்ட்ரெதம் குசினியிலேயே சொல்லியிருக்கலாம்.

"வலப்பக்கம் அண்ணை... இன்னும் கொஞ்சம்... நேரை, நேரை" என்று கத்திக்கொண்டே போனேன். பயம் பிடித்தால் எனக்கு வாய் நிற்காது. இடையில் வெம்பிளி சந்தியில் நின்று போக்குவரத்தைப் பார்க்கிற பொலிஸ்காரனைப் போலக் குரல் மாற்றிக் கத்தினேன். அவருடைய சிவப்பு முதுகுப்பை மட்டும் வெள்ளையில் தொங்கிக்கொண்டு போனது. ஒரு முறை கண்ணாடியைத் துடைத்தேன். நிமிர்ந்தபோது அந்தச் சிவப்பு இல்லை.

"அண்ணை!"

காற்றுத்தான் பதில் சொன்னது. முன்னே போனால் அவர் போன இடத்துக்கே நானும் போவேன். பின்னே போனால் எங்கே போவேன் என்று தெரியாது. கட்டைகள் இரண்டும் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும் சத்தம் எனக்கே கேட்டது. மச்சாளின் முகம் வந்தது. கிங்ஸ்பரி வாசல் மணியை அடித்துவிட்டு என்ன சொல்வது? முதல் சொல் என்ன? அந்த முதல் சொல்லைத் தேடிக்கொண்டே நின்றேன். பேய் வந்ததும் தேவாரம் வந்ததும் அதன் பிறகுதான். பேய் என்றால் யாரும் என்னைக் கேள்வி கேட்க மாட்டார்கள் அல்லவா?

பிறகு, எனக்கு மிகக் கிட்டத்தில், நிலத்துக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல்:

"அசையாதை! அங்கையே நில்லடா!"

இருபது வருட உறவில் என்னைத் 'தம்பி', 'நீர்' என்று மட்டும் அழைத்தவர் அன்றுதான் 'டா' போட்டார். அதைவிட இனிமையாக யாரும் என்னை அழைத்ததில்லை.

அவர் தவழ்ந்து வந்தார், ஒரு கட்டையைக் கையில் பிடித்தபடி. வழியில் ஒரு சின்னப் பள்ளம். வலக்கால் கட்டை கழன்று, குப்புற விழுந்து, வாய் நிறையப் பனி. "இந்த இடத்திலை பள்ளம் இருக்கக் கூடாது" என்று முணுமுணுத்து, தன் திசைகாட்டியை எடுத்து என்னுடையதோடு ஒப்பிட்டார். இரண்டும் இரண்டு வடக்கைக் காட்டின. என்னைவிட்டு விலகிப் போய்ப் பார்த்தார், கிட்ட வந்து பார்த்தார். அவருடைய ஊசியும் என் நெஞ்சுக்கு முன் வந்ததும் என்னையே பார்த்துத் திரும்பியது.

"சட்டைக்குள்ளை என்ன வைச்சிருக்கிறீர்?"

"மட்டன் றோல்ஸ் அண்ணை. உறையாமல் இருக்கட்டும் எண்டு..."

பொட்டலத்தைப் பிரித்தார். றோல்ஸ்களுக்கு நடுவில் கனமான ஒரு பாக்குவெட்டி. பொரித்த இறைச்சியை வெளியே கொண்டுபோனால் வாசத்துக்குப் பேய் பின்னால் வரும், கூடவே ஓர் இரும்பு வைத்தால் கிட்டாது என்பது எங்கள் ஆட்களின் பழக்கம். மனைவி எனக்குச் சொல்லாமலே வைத்துக் கட்டியிருந்தாள். எங்கள் வீட்டில் வெற்றிலை போடுகிறவர் யாருமில்லை. அந்தப் பாக்குவெட்டிக்கு லண்டனில் வேறு உத்தியோகமும் இல்லை.

"இரும்பைக் கண்டால் பேய் ஓடும்," என்றார் சகலன். "ஊசி ஓடி வரும்."

"எறியட்டோ?"

"எறிஞ்சுபோட்டு வீட்டிலை என்ன சொல்லப்போறீர்?" என்று கேட்டு, தன் முதுகுப்பையின் அடியைக் கிளறி, தன் பொரித்த மீன் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெரிய ஆணியை எடுத்துக் காட்டினார். சகோதரிகள் அல்லவா.

கலியாண வீடுகளில் இந்தக் கதையை நான் இந்த இடத்தோடு முடித்துவிடுவேன். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். பாக்குவெட்டியைப் பற்றி மச்சாளும் என் மனைவியும் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவார்கள். சகலன் மேசையின் மறுபக்கத்தில் இருந்து புன்னகைத்தபடி தண்ணீர்க் கிளாஸைச் சுற்றிக்கொண்டிருப்பார். மிச்சத்தை நாங்கள் இரண்டு பேரும் யாருக்கும் சொன்னதில்லை. அண்மையில் அவர்தான், "எழுதும், இனி என்ன" என்றார்.

இனி ஓர் அடிகூட எடுத்துவைக்கக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டதால், பள்ளத்துக்குப் பின்பக்கம், நான் நின்ற இடத்திலேயே கூடாரம் அடித்துப் படுத்தோம். காலையில் சூரியன் வந்தது. சகலனோடு வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருடைய தடமும் பின்னால் தெளிவாகக் கிடந்தது. நான் நேர் என்று கத்திய கோடு, கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து, வளைந்து வந்திருந்தது. அவர் விழுந்த பள்ளத்துக்கு அப்பால், ஒரு கட்டில் நீளத்துக்குத் தட்டையான, அழகான பனி. அதற்கு அப்பால் மலை இல்லை. பக்கவாட்டில் விலகி வந்து பார்த்தபோதுதான் அந்தக் கட்டில் நீளமும் வெறும் தாழ்வாரம் என்று தெரிந்தது. மிகக் கீழே, பனி உருகத் தொடங்கிய ஒரு நீலக் குளம்.

சகலன் பனியில் அப்படியே இருந்துவிட்டார்.  எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

"உம்மடை மச்சாளுக்குச் சொல்லவேண்டாம்," என்றார்.

அவருடைய வலக்கால் கட்டை கழன்றது. அதனால் விழுந்தார். விழுந்ததால் நின்றோம்.